விதைக்கிழங்கில் வாடல் நோய்: சட்டக் கட்டுப்பாடு தேவையா என்று மதிப்பிடுவது எப்படி?

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாலு செடி பச்சையாகவே வாடி நின்றால் போதும், "வெளியூர் விதையைத் தடை பண்ணணும்" என்ற பேச்சு அடுத்த விவசாயிகள் கூட்டத்திலேயே வந்துவிடும். நீலகிரியில் கேத்தி, நஞ்சநாடு, இத்தலார், கோத்தகிரி, எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கோரிக்கையைக் கேட்கலாம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் விதைக்கிழங்கின் மீது ஒரு கட்டுப்பாடு வந்தால், பரிசோதனைச் செலவும் கழிவுச் செலவும் விதை விலையில் ஏறி, கடைசியில் நடுகிற விவசாயியின் தலையில்தான் இறங்கும். அவ்வளவு செலவழித்தும் நோய் வேறு வழியாக வந்துகொண்டே இருந்தால் அந்தச் சட்டத்தால் யாருக்கும் பயனில்லை. ஆகவே கேட்பதற்கு முன் மதிப்பிட வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருப்பவர்கள், விதை உற்பத்தி செய்பவர்கள், தோட்டக்கலை மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாக்டீரியா வாடல் நோயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். முறை மற்ற பாக்டீரியா நோய்களுக்கும் பொருந்தும்.

சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் இதற்கென்றே இரண்டு தரநிலைகள் உள்ளன: 2002-இல் வந்த 16-ஆம் தரநிலை, 2004-இல் வந்த 21-ஆம் தரநிலை. சாரம் இதுதான். ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நோயையும் நடவுப்பொருளில் (விதை, விதைக்கிழங்கு, கன்று போன்றவற்றில்) கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்த நடவுப்பொருள்தான் நோய் வரும் முக்கிய வழியாக இருக்க வேண்டும், அந்த வழியாக வருவதால் ஏற்படும் நட்டம் தாங்க முடியாததாக இருக்க வேண்டும். இதோடு, விதையில் நோயைக் கண்டுபிடிக்கவும் குறைக்கவும் நடைமுறையில் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் சட்டத்தை விட்டுவிட்டு வேறு தீர்வு தேடுவதுதான் சரி.

முதல் படி: எந்த நோய் என்று உறுதி செய்யுங்கள்

நீலகிரியில் உருளைச் செடி வாடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. 1961-இல் உதகைப் பகுதியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு இன்றும் இந்த மண்ணில் இருக்கிறது. அது தாக்கிய செடியும் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, உச்சி வெயிலில் துவளும். பூஞ்சை வாடலும் உண்டு. தண்டின் அடி கறுத்து நாறினால் அது கருங்கால் நோய். இவற்றையெல்லாம் "வாடல்" என்று ஒரே பெயரில் எழுதிக் கொடுத்தால் மதிப்பீடு அங்கேயே கோணலாகிவிடும்.

தோட்டத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வாடிய செடியின் தண்டை மண்மட்டத்தை ஒட்டி வெட்டி, அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுங்கள். நிறமற்ற கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி துண்டைப் பிடித்து நிறுத்துங்கள். டம்ளரை ஆட்டக் கூடாது. சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்வெள்ளை நூல்போல ஒன்று நேராகக் கீழே இறங்கும். ஐந்து நிமிடம் கழிந்தால் தண்ணீரே கலங்கிவிடும். பூஞ்சை வாடலிலும் நூற்புழுவிலும் இந்த நூல் வராது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரியும். அழுத்தினால் அந்த வளையத்திலிருந்து வெளிர்நிறத் துளிகள் முத்து முத்தாக எழும்பும். நோய் முற்றிய கிழங்கில் கண்களிலிருந்தே கசிந்து, அந்த இடத்தில் மட்டும் செம்மண் அப்பிக்கொண்டிருக்கும்.

நூல் வந்தால் பாக்டீரியா என்று நம்பலாம். எந்தப் பாக்டீரியா, எந்த வகை என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள், "வாடல் பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடாதீர்கள். வாடலை உண்டாக்குவது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. 1896-இல் எர்வின் ஸ்மித் விவரித்த இதை 2014-இல் மூன்று தனி இனங்களாகப் பிரித்தார்கள். ஆண்டிஸ் மலையிலிருந்து கிழங்கோடு உலகெங்கும் போன வகை ஒன்று குளிரைத் தாங்கும், உருளையில் ஒளிந்து வாழும். கூடலூர்ப் பக்கம் இஞ்சியை வாட்டுவது வேறு இனம். வெப்பத்தை விரும்புவது, பல பயிர்களுக்குத் தாவக்கூடியது. எதற்காகச் சட்டம் கேட்கிறோம் என்று தெரியாவிட்டால், எந்தப் பயிரின் விதையில் கேட்பது என்பதும் தெரியாது.

இரண்டாம் படி: நோய் ஊரில் இருக்கிறதா, இல்லையா

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். நோய் ஒரு பகுதியில் அறவே இல்லை, அல்லது ஒரு மூலையில் மட்டும் இருந்து அதை ஒழிக்க அரசு முயல்கிறது என்றால் அது குவாரன்டைன் விவகாரம். எந்த வழியாக வந்தாலும் தடுக்கலாம், கிழங்கு, மண், சாக்கு எல்லாவற்றையும் நிறுத்தலாம். நோய் ஏற்கெனவே பரவி இருந்தால் அந்த வாதம் எடுபடாது. நடவுப்பொருளில் மட்டும்தான், நோய் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு வைக்க முடியும்.

உருளை வாடல் இந்தியாவுக்குப் புதிது அல்ல. கர்நாடகம், மேற்கு மகாராஷ்டிரம், கிழக்கு மாநிலங்கள் என்று பரந்து கிடக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை மூன்றுமே நோய் உள்ள பகுதிகளாகத்தான் நெடுங்காலமாகக் குறிக்கப்படுகின்றன. எனவே இங்கே குவாரன்டைன் கேட்பது பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். வடமேற்குச் சமவெளி, அதாவது பஞ்சாபின் ஜலந்தர் பக்கம், இந்த நோய் இல்லாத பகுதியாகக் கருதப்படுகிறது. கர்நாடகத்தின் கோலார், ஹாசன் பக்கம் அப்படி இல்லை. அதனால் "வெளியூர் விதை" என்று மொத்தமாகக் குற்றம் சாட்டுவது தவறான இடத்தில் கை வைப்பதாகிவிடும். சில வெளியூர் விதை நம் பக்கத்துத் தோட்டத்து விதையைவிடச் சுத்தமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: விதைதான் முக்கிய வழியா

இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் தோற்கின்றன. நேரமும் உழைப்பும் இங்கே போக வேண்டும்.

வாடல் பாக்டீரியா கிழங்கில் வரும், மண்ணில் தங்கும், தண்ணீரில் போகும். மணத்தக்காளி போன்ற களையில் ஒளியும். அறுவடையில் தப்பித் தானாய் முளைக்கும் கிழங்கில் அடுத்த போகத்துக்குத் தாவும். விதையை வெட்டி நட்டால் கத்தியில் ஏறும். நீலகிரியின் சரிவுகளில் மேல்வயலின் ஓடைத் தண்ணீர்தான் கீழ்வயலுக்குப் பாசனம். மேலே அழுகல் கிழங்கைக் கரையில் கொட்டினால் கீழே இருப்பவர் எவ்வளவு சுத்தமான விதை நட்டும் பயனில்லை. இத்தனை வழிகளில் விதையின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

செலவில்லாமல் பெறக்கூடிய முதல் சான்று ஒரு படம். வாடல் தெரிந்தவுடன் தோட்டத்தைத் தாளில் வரையுங்கள். படிக்கட்டு, பாத்தி, வாய்க்கால், ஓடை, பாதை எல்லாம் அதில் இருக்கட்டும். வாடிய ஒவ்வொரு செடிக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. வாரம் ஒருமுறை புதுப் புள்ளிகளை வேறு நிறத்தில் வையுங்கள். முதல் வாரப் புள்ளிகள் தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருந்தால் விதையின் மீது சந்தேகம் வலுக்கும். தாழ்ந்த மூலையிலோ வாய்க்கால் ஓரத்திலோ திட்டாக ஆரம்பித்து விரிந்தால் மண்ணும் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருந்தால் கத்தியையோ களைக்கொத்தையோ பாருங்கள். ஒரே லாட் (ஒரே தொகுதி) விதை வாங்கிய நாலைந்து பேரின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் தெளிவாகும். வெவ்வேறு ஓடை, வெவ்வேறு முன்பயிர் உள்ள எல்லாத் தோட்டத்திலும் அதே சிதறல் என்றால், பொதுவாக இருப்பது விதை மட்டும்தான்.

படத்தோடு ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டியவை: விதை யாரிடம் வாங்கியது, அது எத்தனையாவது தலைமுறை, கடந்த மூன்று ஆண்டில் அந்த நிலத்தில் என்ன பயிர், தண்ணீர் எங்கிருந்து, கிழங்கை வெட்டி நட்டாரா முழுசாக நட்டாரா. மேட்டுப்பாளையம் மண்டியில் சாப்பாட்டுக்கு வந்த கிழங்கில் சிறுசைப் பொறுக்கி விதையாக நட்டாரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். அது நடக்கிறது என்றால், விதைக்கென்று போடும் சட்டம் அந்தக் கிழங்கைத் தொடாது.

அடுத்த சான்று ஒரு சிறு சோதனை. சந்தேகப்படும் விதை, ஆய்வகத்தில் சோதித்த சுத்த விதை. வாடல் கண்ட தோட்டத்து மண், பல ஆண்டுகளாக உருளை காணாத நிலத்து மண். இரண்டு விதையையும் இரண்டு மண்ணிலும் நடுங்கள், மொத்தம் நாலு சேர்க்கை. சுத்த மண்ணில் சந்தேக விதை வாடி, வாடல் மண்ணில் சுத்த விதை தப்பித்தால் விதைதான் வழி. இரண்டுமே வாடினால் விதைச் சட்டத்தால் கிடைக்கும் பலன் பாதிதான். இதைத் தயவுசெய்து திறந்த நிலத்தில் செய்யாதீர்கள். பைகளில் நட்டு, வடிநீர் வெளியே போகாத இடத்தில் வைத்து, முடிந்ததும் மண்ணை வேகவைத்து, செடியை எரித்துவிட வேண்டும்.

பைகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம், உதகையின் குளிர் இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். சுமார் 15, 16 டிகிரிக்குக் கீழே இந்தப் பாக்டீரியா செடியில் இருந்தும் அறிகுறி காட்டாமல் இருக்கக்கூடும். உதகை கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். அங்கே குளிர்காலத்துக் கடைபோகத்தில் விளைந்த தோட்டம் கடைசிவரை பச்சையாக நிற்கலாம், கிழங்கும் பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கலாம். அதே கிழங்கைக் குன்னூருக்குக் கீழே வெயில் படும் சரிவில் நட்டால் வாடும். "எங்கள் தோட்டத்தில் வாடலே இல்லை, அதனால் விதை சுத்தம்" என்ற வாதத்தை இந்த மலையில் ஏற்கவே முடியாது. பைகளைச் சுமார் 28, 30 டிகிரி இருக்கும் பசுமைக்குடிலில் வையுங்கள். கிழங்கு மாதிரியை அதே வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் ஈரப்பதத்தோடு வைத்தாலும், நோய் உள்ளது கண்களில் கசிந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு நோய்கள். உருளைச் சொறியை உண்டாக்கும் பாக்டீரியா பல நிலங்களில் ஏற்கெனவே குடியிருப்பது. அங்கே விதையை மட்டும் கட்டுப்படுத்திப் பெரிய மாற்றம் வராது. கீழ்ப்பழனி மலையின் ஆரஞ்சில் வரும் பசுமையாதல் நோய் இன்னொரு மாதிரி. தோப்புக்குள் அதைப் பரப்புவது ஒரு சாறுறிஞ்சும் பூச்சி. ஆனால் புது ஊருக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒட்டுக்கன்று. அங்கே நாற்றங்காலில் கட்டுப்பாடு நியாயம்தான், பூச்சி மேலாண்மை இல்லாமல் அது தனியாக நிற்காது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான்காம் படி: நட்டம் எதில், யாருக்கு

எதற்காக நடுகிறோம் என்பதைப் பொறுத்து நட்டம் மாறும். சாப்பாட்டுக் கிழங்குத் தோட்டத்தில் நூற்றுக்கு ஒரு செடி வாடினால் மகசூலில் அது பெரிதாகத் தெரியாது. அதே ஒரு செடி விதைத் தோட்டத்தில் இருந்தால் அந்த லாட் முழுக்கச் சந்தேகத்துக்கு உரியது. அது போய்ச் சேரும் நிலத்தின் கெடுதலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: அடுத்து வரும் உருளைப் போகங்கள் கைவிட்டுப் போவது, மாற்றுப்பயிரில் வருமானம் குறைவது, நிலத்தின் பெயர் கெட்டு விதை விற்க முடியாமல் போவது. வாடலுக்கு முழுமையாக ஈடுகொடுக்கும் உருளை ரகம் கையில் இல்லை; செடிக்குள் புகுந்தபின் தெளித்துத் தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆகவே தடுப்பைத் தவிர வேறு வழி இல்லை என்ற வாதம் இந்த நோய்க்கு வலுவானது.

மூன்று போகங்களையும் தனித்தனியே கணக்கிடுங்கள். நீர்போகத்தின் வெயில், கார்போகத்தின் மழை, கடைபோகத்தின் குளிர் மூன்றிலும் நோய் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சராசரி எடுத்தால் உண்மை மறைந்துவிடும்.

ஐந்தாம் படி: அளக்க முடியுமா

விதையில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐரோப்பிய நாடுகளில் வழக்கமாக 25 டன்னுக்கு 200 கிழங்கு எடுக்கிறார்கள். ஒவ்வொரு கிழங்கிலும் கொடியில் ஒட்டியிருந்த முனையிலிருந்து சிறு கூம்பாகச் சதையை எடுத்து, சேர்த்து அரைத்து, எலைசா, பிசிஆர் போன்ற ஆய்வகச் சோதனைகளில் பார்ப்பார்கள். இருநூறிலும் ஒன்றுமில்லை என்றால் விதை சுத்தமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

200 கிழங்கில் நோய் எதுவும் அகப்படவில்லை என்றால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது "நோயுள்ள கிழங்கு சுமார் 1.5 சதவீதத்துக்கு மேல் இல்லை" என்பது மட்டுமே. 60-க்கு 20 செ.மீ. இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு சுமார் 83,000 கிழங்கு நடுகிறோம். அதில் 1.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,250. சான்றிதழ் கையில் இருக்க, ஒரு ஹெக்டேரில் ஆயிரத்துக்கு மேல் நோய்க்கிழங்கு நடப்பட வாய்ப்பு இருக்கிறது. ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கச் சுமார் 300 கிழங்கு வேண்டும். ஆயிரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சுமார் 3,000. அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட ஹெக்டேருக்கு 83 வாடல் புள்ளிகள். முட்டைக்கோஸ் கருப்பழுகலுக்கு விதைப் பரிசோதனையில் 30,000 விதை வரை பார்ப்பது இந்தக் காரணத்தால்தான். கோஸ் விதையை அரைத்துப் பார்ப்பது கட்டுப்படியாகும், கிழங்கு அப்படி அல்ல.

அதனால் பரிசோதனையை மட்டும் நம்பிச் சட்டம் கேட்காதீர்கள். விதைத் தோட்டம் எந்த நிலத்தில் இருந்தது, எந்தத் தண்ணீர் பாய்ந்தது, முன்பயிர் என்ன என்ற பதிவுகளும் தோட்ட ஆய்வும் பரிசோதனையோடு சேர்ந்தால்தான் அந்த 200 கிழங்குக்கு மதிப்பு. இந்திய விதைச் சான்றுத் தரத்தில் வாடல் செடியைத் தோட்ட ஆய்விலேயே தனியாக எண்ணும் முறை உண்டு. அதை வெப்பமான போகத்தில் செய்தால் பலன் அதிகம். உதகைக் குளிரில் செய்யும் தோட்ட ஆய்வுக்கு ஆய்வகச் சோதனை கட்டாயத் துணை என்று எழுதிக் கேளுங்கள். என் பார்வையில் நீலகிரிக்கென்று கேட்க வேண்டிய மாற்றங்களில் இதுதான் தலையாயது.

ஆறாம் படி: எவ்வளவு அனுமதிக்கலாம், எந்தச் சட்டத்தில்

"பூஜ்யம்" என்று எழுதிவிடுவது எளிது. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் கேட்பதை 21-ஆம் தரநிலையே ஊக்குவிப்பதில்லை. மேற்கொண்டு பெருக்குவதற்கான மூல விதைக்கு அது நியாயம்: திசு வளர்ப்புச் சிறுகிழங்கு, சான்று விதைக்கு முந்தைய தலைமுறையான ஆதார விதை, இவற்றில் ஒரு நோய்க்கிழங்கு பல தலைமுறைக்குப் பெருகும். கடைசித் தலைமுறைச் சான்று விதையில் அளவை எங்கே வைப்பது என்பதை மூன்றாம், நான்காம் படிகளில் கிடைத்த விவரத்தைக் கொண்டு பேசலாம். உள்ளூர் விதைக்கும் வெளியூர் விதைக்கும் ஒரே அளவுதான் வைக்க வேண்டும். நமக்கு ஒன்று, ஜலந்தருக்கு ஒன்று என்று எழுதினால் கோரிக்கை நிற்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் சான்று பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் அதற்கு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. பூச்சி, நோய் பரவலைத் தடுக்க 1919-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் மாநில அரசின் கையில் உள்ளது. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்ட் போடாமல் விற்கவும் செய்யலாம். அந்த உரிமை நல்லது, அதைத் தொடக் கூடாது. ஆனால் பங்காளிக்கும் சம்பந்திக்கும் மூட்டையில் கைமாறும் விதை சட்டத்தின் கண்ணில் படாது என்பதும் இதனால் தெரிகிறது. அப்படிக் கைமாறும் விதைக்குப் பரிசோதனையை மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கச் செய்யும்படிதான் கேட்க வேண்டும்.

நூற்புழு இருப்பதால் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. 2018-இல் அதே காரணத்துக்காக இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கும் தடை வந்தது. ஒரு தடை வரும்போது நேர்மையான விதை விவசாயி என்ன பாடுபடுவார் என்பது இந்த மலைக்குத் தெரியும். அதனால் கோரிக்கையில் மாற்று ஏற்பாடும் இருக்க வேண்டும்: கழிக்கப்படும் விதையைச் சாப்பாட்டுக் கிழங்காக விற்க அனுமதி, அதன் கழிவு ஓடைக்குப் போகாமல் இருக்க ஏற்பாடு, அந்த நிலத்தில் பூண்டு, கோஸ், தானியம் என்று மாற்றுப்பயிருக்கு உதவி.

ஏழாம் படி: மறுஆய்வுக்கு நாள் குறியுங்கள்

கட்டுப்பாடு வந்தபின் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, வருவதற்கு முன்பே அடிப்படைக் கணக்கு எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் வரைந்த படங்கள் இங்கே மறுபடியும் உதவும். சோதித்த விதை நட்ட தோட்டங்களையும் மற்றவற்றையும் மூன்று ஆண்டு, மூன்று போகத்திலும் ஒப்பிடுங்கள். சிதறிய புள்ளிகள் குறைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சினால், விதைவழி அடைபட்டுவிட்டது, இனி மண்ணையும் ஓடையையும் கவனிக்க வேண்டும் என்று பொருள். நடும் சாலில் ஹெக்டேருக்கு 12 கிலோ பிளீச்சிங் பவுடர் இடும் பரிந்துரை, களை, தானாய் முளைக்கும் கிழங்கு ஆகியவற்றை அப்போது எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வகைத் தோட்டத்திலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறச் சொல்லியும் நாமே எழுத வேண்டும். அந்த நிபந்தனையை முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.